சுங்குடிப் புடவையில் ஒரு கண்ணன் உடை

சென்ற ஆண்டு கோகுலாஷ்டமிக்காக வாடகைக் கடையில் எடுத்து வந்த கண்ணன் உடையை என் மகளுக்குக் கழற்றியபோது, சரிகை உரசிய செந்தடம் அவள் இடுப்பைச் சுற்றி ஒரு முழு வட்டமாகப் பதிந்திருந்தது. அப்போது அவளுக்கு ஒன்றேகால் வயது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் மாலை முழுவதும் அழுதவளை, கூட்டத்தைக் கண்டு மிரள்கிறாள் என்று நினைத்து நாங்கள் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டு உடையை நானே தைப்பது என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

அந்த உடை உள்துணி இல்லாத செயற்கைச் சாட்டினில் தைத்தது. மேடையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். இரண்டேகால் வயதுக் குழந்தை ஓரிடத்தில் நிற்பதில்லை. குந்துகிறது, உருளுகிறது, கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறது, சொல்லி முடிப்பதற்குள் சிறுநீர் கழித்துவிடுகிறது. ஆகையால் அளவு நாடாவை எடுப்பதற்கு முன், அவள் ஒரு நாள் முழுவதும் உடம்பை எப்படியெல்லாம் வளைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேடம் கண்ணனாகத் தெரிவதைவிட, அதைப் போட்டுக்கொண்டு அவள் அவளாக விளையாட முடிவதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

துணிக்கு என் மாமியாரின் மஞ்சள் நிற மதுரைச் சுங்குடிப் புடவை கிடைத்தது. கண்ணனுக்கு உரியது பீதாம்பரம், அதாவது மஞ்சள் ஆடை என்பதால் நிறம் தானாகவே பொருந்தியது. பல ஆண்டுகள் துவைத்து உடுத்திய பருத்தி என்பதால் இனிச் சுருங்கும் என்ற கவலையும் இல்லை. புதுப் பருத்தித் துணியில் தைப்பவர்கள் வெட்டுவதற்கு முன்பே அதை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும். நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதால் உண்டாகும் புள்ளிகள்தாம் சுங்குடியின் அழகு. ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் விரலால் போட்ட முடிச்சு என்ற நினைவில் கத்தரிக்கோலை வைக்கத் தயங்கினேன். மாமியாரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "வெட்டும்மா, பீரோவுக்குள்ள இருந்து என்ன பண்ணப்போகுது" என்றார்.

பஞ்சகச்சத்தை உண்மையாகவே கட்டிவிட்டால் இந்த வயதில் அரை மணி நேரம்கூட நிற்காது. எனவே, அவளுடைய பைஜாமா ஒன்றை இரண்டாக மடித்துத் துணிமேல் வைத்து, சுற்றிலும் ஒன்றரை அங்குலம் தளர்வும் அரை அங்குலம் தையலுக்கும் விட்டு வரைந்தேன். உள்ளே டயப்பர் இருக்கும் என்பதால் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 1 அங்குலம் உயர்த்தினேன். அவள் இடுப்பு 19 அங்குலம். எலாஸ்டிக்கை 18 அங்குலம் வெட்டி, முனைகளை ஓரங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்ததில் இறுக்காமல் நின்றது. மடிப்புக்குள் அது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நான்கு இடங்களில் குறுக்கே ஒரு தையல் போட்டேன். புடவையின் கரையை விசிறி மடிப்பாக மடித்து முன்புறம் இடுப்பில் மட்டும் இணைத்து, காலில் சிக்காதபடி கணுக்காலுக்கு மேலேயே முடித்தேன்.

முதல் முறை போட்டுப் பார்த்தபோது, கீழே கிடந்த பந்தை எடுக்க அவள் குந்தினாள். கவட்டுத் தையல் பிரிந்துவிட்டது. நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்ததால் இழுவிசை முழுவதும் அங்கேயே விழுந்திருக்கிறது. பக்கத்துக்கு 4 அங்குலமுள்ள சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக அங்கே வைத்துத் தைத்த பிறகு, அவள் எப்படிக் குந்தினாலும் துணி இடம் கொடுத்தது. குழந்தைகளுக்குப் பஞ்சகச்சம் தைக்கும் எவரும் இந்தத் துண்டைத் தவிர்க்க வேண்டாம் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

உடம்புக்கு நீலச் சாயம் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய நீலப் பனியன் ஒன்றே போதுமானதாக இருந்தது. மணிமாலைக்குப் பதிலாகப் பனியனின் கழுத்தைச் சுற்றிச் சங்கிலித் தையலில் மாலை வரைந்தேன், ஏனென்றால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் உதிரக்கூடிய மணி எதுவும் இருக்கக் கூடாது. கழுத்தில் முடிச்சிடும் நாடாவும் எங்கும் வைக்கவில்லை. கெட்டியான மூங்கில் குழலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணி, செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி அதன்மேல் துணி சுற்றிக் கொடுத்தேன்.

மயிற்பீலிக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். உண்மையான இறகின் காம்பு கூர்மையானது. கண்ணுக்கு அருகில் அதை வைக்க மனம் வரவில்லை. பீலி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, நடுவில் அடர்நீலம், அதைச் சுற்றி மயில்நீலம், அடுத்து செம்புப் பழுப்பு, வெளியே பச்சை எனத் துண்டுத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தேன். நடுவிலுள்ள அடர்நீலம் வட்டமன்று, ஒரு பக்கம் உள்வாங்கிய இதய வடிவம் என்பதை அன்றுதான் கவனித்தேன். கிரீடம் எதையும் அவள் தலையில் தங்கவிடமாட்டாள் என்பதால், அகலமான துணிப்பட்டை ஒன்றில் பீலியைப் பொருத்தி, பின்புறம் எலாஸ்டிக் வைத்தேன்.

அஷ்டமி மாலையில், வாசலிலிருந்து பூஜையறை வரை அரிசிமாவில் இட்டிருந்த பாதங்களை ஒவ்வொன்றாக மிதித்து அழித்துக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். விளக்குகளை முன்பே உயரத்தில் மாற்றி வைத்திருந்தேன். பருத்தியும் எளிதில் தீப்பற்றும். சீடைத் தட்டின் முன் குந்தி உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. இரவு உடையை மாற்ற விடாமல் அதிலேயே தூங்கிப் போனாள். காலில் கீழ்மடிப்பாக 2 அங்குலம் உள்ளே வைத்து, எளிதில் பிரிக்கும்படி கையால் தைத்திருக்கிறேன். அடுத்த ஆவணிக்குள் அவள் அதற்கு மேலும் வளர்ந்துவிட்டால், புடவையில் இன்னும் இரண்டு கஜம் மீதமிருக்கிறது.