பேஸ்மென்ட் சுவரில் ஓதம்

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பேஸ்மென்ட் சுவரில் குளிர் தடுக்க எதையும் ஒட்டக் கூடாது. எங்களுக்கு வேலை செய்ய வந்த ஒப்பந்தக்காரருக்கு இதில் நம்பிக்கை இல்லை. மரச்சட்டம் அடித்து, கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்றார். மூடினால் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. உள்பக்கம் நனைந்தால், மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக வருகிறது. எங்களுக்கு உள்பக்கம். முழங்கால் உயரம்வரை உப்பும் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும், பழைய பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கையோடு வரும். அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தாலும் பின்னாலிருந்து வரும் ஈரமும் உப்பும் அதையும் உரித்துத் தள்ளிவிடும்.

அதனால் முதல் வேலை வீட்டுக்கு வெளியே. கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதை ஆறடி தள்ளி விழும்படி நீட்டி, சுவரடியில் மண் போட்டுக் கெட்டித்து, தண்ணீர் வீட்டைவிட்டு வெளியே ஓடும்படி பத்தடிக்கு அரையடி வாட்டம் கொடுத்தோம். அடுத்த பெருமழைக்குப் பிறகு ஒட்டிய தாளில் லேசான ஆவி மட்டும்தான். இதற்கும் அடங்காத சுவரென்றால் வெளியே தோண்டி அஸ்திவாரத்தின் அடிவரை மெம்பிரேனும் (தண்ணீர் புகாத உறை) வடிகுழாயும் போட வேண்டும். எங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்!

சுவரை நன்றாகக் காயவிட்டு, உப்பைச் சுரண்டிவிட்டு, இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையை (குளிர் தடுக்கும் கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) இடைவெளி விடாமல் நேராகக் கான்கிரீட்டிலேயே ஒட்டி, மூட்டுகளுக்கு டேப் போட்டோம். ஃபோமுக்கென்றே இருக்கும் பசைதான் வேண்டும். மற்றவை சில பலகையையே அரித்துவிடும். கிளாஸ் வூலுக்குள் காற்று புகும்; அந்தக் காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டு வியர்க்கும். அப்புறம் பஞ்சு ஊறித் தொய்ந்து, பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் ஷீட்டும் சேர்ந்தால் காயக்கூட வழியில்லை. சுவரின் உச்சியில் மாடிக் கட்டைகள் உட்காரும் இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் குளிர்காற்று அதிகம் புகுகிறது. ஃபோம் துண்டுகளை அளவெடுத்து வெட்டிச் செருகி, விளிம்பெல்லாம் ஸ்ப்ரே ஃபோம் அடித்தேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் அதை மூட 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. தரை ஈரத்தை உறிஞ்சாதபடி போர்டை அரை அங்குலம் தூக்கியே நிறுத்தினோம். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையரைப் போடுகிறேன். புத்தக அலமாரியை மட்டும் இன்னும் கீழே இறக்கவில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும்.