நவம்பர் மாதத்துப் பாட்டி

வங்கியில் பென்ஷன் மேஜைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. 1996-ல் என்னை அங்கே மாற்றியபோது பக்கத்து மேஜைக்காரர், "கேஷ்ல உக்காந்தா பணம்தான் குறையும், அங்க ஆளே குறையும்" என்றார். முதல் டிசம்பரிலேயே அதன் பொருள் புரிந்துவிட்டது. மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டும். மாதம் முடிந்ததும் வராதவர்களின் பட்டியலை எடுப்போம். பாதிப் பேர் மகன் வீடு, மகள் வீடு என்று வெளியூர் போயிருப்பார்கள். மீதிப் பேருக்கு நோட்டீஸ் அனுப்பினாலும் பதில் வராது.

எங்கள் கிளை திருச்சியில். பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர்களின் கணக்குகள் ஏராளம். 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பணிமனை அது. அதன் சங்குச் சத்தத்துக்குத்தான் அந்தப் பகுதியில் உலையே வைப்பார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான் நான் சொல்லப்போகும் பாட்டி. கணவர் பாய்லர் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து 1978-ல் ஓய்வு பெற்றவர், 1994-ல் தவறிவிட்டார். அதிலிருந்து பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன்.

முதல் தடவை வந்தபோது படிவத்தின் கீழ்ப்பகுதியை நான் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. "நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று அதில் கையெழுத்திட வேண்டும். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது, அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கூச்சத்தில் அந்த வரியை மட்டும் மெல்லமாகப் படித்தேன். அவர் காதைத் திருப்பி, "என்னது, உரக்கச் சொல்லு தாயி" என்றார். சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, "இன்னும் ஒண்ணும் அமையல, அடுத்த வருசம் பாப்போம்னு எழுதிக்க" என்றார். அதன்பிறகு வருடாவருடம் நான் அந்த வரிக்கு வரும்போதே அவர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பென்ஷன் புத்தகம் இரண்டு பாதி. ஒன்று பென்ஷன்காரரிடம், ஒன்று வங்கியிடம். எங்கள் பாதியில் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும். கையெழுத்து முடிந்ததும், "அந்தப் படத்தைக் காட்டு" என்பார். அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதானாம். ஓய்வு பெறும்போது ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஐயா விறைப்பாக நிற்பார், பாட்டி கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். அதை மூக்குக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, படத்தின் கீழ் ஓரத்தை, தோள் இருக்கும் இடத்தை, விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பித் தருவார். கண் சரியில்லை, முகம் எங்கே என்று தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன். விதிப்படி அந்தப் புத்தகத்தை வாடிக்கையாளர் கையில் தரக்கூடாதுதான். நவம்பர் கூட்டத்தில் விதியை யார் பார்த்தார்கள்.

அவர் கதையைத் துண்டுதுண்டாகத்தான் கேட்டேன், டோக்கனுக்கு நடுவே, தேநீர் வரும் நேரத்தில். ஐந்து பிள்ளைகள். இரண்டு எருமை வைத்துக் காலனியில் பால் ஊற்றியிருக்கிறார். வறட்டி தட்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றிருக்கிறார். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது சம்பளம் வராத நாட்களில் எருமைதான் சோறு போட்டது என்பார். ஐயாவின் எண்ணெய்ச் சட்டையைத் துவைத்துத் துவைத்து என் ரேகையே போச்சு என்று அவர் சொன்னதை நான் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்தேன். 2014-ல் கைரேகை வைத்து உயிர்ச் சான்று பதியும் முறை வந்தது. கருவியில் அவர் கட்டைவிரலை வைத்தோம். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தோம், சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. எதிரே உட்கார்ந்து எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷி உயிரோடு இருப்பதை அந்தக் கருவி ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பழைய காகிதப் படிவத்தையே எடுத்தோம். அதில் "இன்னார் என் முன் நேரில் வந்தார்" என்று அதிகாரி கையெழுத்திட்டால் போதும்.

இனி எழுதப்போவது எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம். 2008-ல் ஆறாவது ஊதியக் குழு உத்தரவு வந்தது. எண்பது வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, நூறைத் தொட்டால் இரட்டிப்பு. பாட்டிக்கு அடிப்படை குறைந்தபட்சமான 3,500. எழுநூறு ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் சேரும். ஆனால் பென்ஷன் புத்தகத்தில் ஐயாவின் பிறந்த தேதி இருந்ததே தவிர மனைவியின் பிறந்த தேதி இல்லை. அந்தக் காலத்தில் அதை எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பாட்டி, வயசுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"சங்கத் திடல்ல சுட்டாங்களே, அப்ப மூத்தவன் மூணு மாசக் குழந்தை. எனக்குப் பதினெட்டு."

அது ஆதாரம்தான். 1946 செப்டம்பர் 5, பொன்மலையில் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் இறந்தார்கள். இன்றும் அந்த நாளில் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். குழந்தையை வறட்டிக் கூடைக்குப் பின்னால் கிடத்தி, அதன்மேல் தான் கவிழ்ந்து கிடந்ததாகப் பாட்டி சொன்னார். மூத்தவரின் பள்ளிச் சான்றிதழ் நகலை வாங்கி, ஒரு கடிதமும் எழுதி மேலே அனுப்பினேன். மகனின் வயது தாயின் வயதுக்குச் சான்றாகாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கலாம், நேரில் போய்ப் பேசியிருக்கலாம். அந்த வருடம் நிலுவைக் கணக்குப் போடும் வேலை தலைக்குமேல் இருந்தது. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆதார் வந்தது. பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லாரும் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்களானார்கள். பாட்டியின் முகத்தைப் பார்த்து யாரோ போட்ட கணக்கில் 1-1-1934. அந்த அட்டை மட்டும் செல்லுபடியானது. அதன்படி 2014-ல் அவருக்கு எண்பது நிறைந்து, 20 சதவீதமும் வந்தது. அதே அட்டையின்படி அவர் தலைப்பிள்ளையைப் பெற்றது பன்னிரண்டு வயதில். இதைச் சொன்னபோது, "ஆறு வருசம் எளசாக்கிட்டானா? சரி, விடு" என்றார். அந்த ஆறு வருடப் பணத்தைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கடைசி இரண்டு நவம்பரிலும் அவரால் வர முடியவில்லை. பொன்மலைப்பட்டியில் பேரன் வீட்டுக்கு நானே போனேன். மறக்காமல் பென்ஷன் புத்தகத்தையும் பையில் எடுத்துப் போனேன், அதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

2022 ஜனவரியில் பாட்டி போய்விட்டார். தெருமுனைப் போஸ்டரில் வயது 96 என்று பேரன் போட்டிருந்தான், அவன் கணக்கு அது. இறப்புச் சான்றிதழில் 88. பாட்டியின் கணக்கில் 93.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள் சான்றிதழோடு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, அவருக்கே முட்டிவலி. கணக்கை முடித்தோம். பென்ஷன் புத்தகத்தின் இரண்டு பாதியையும் ரயில்வே கணக்கு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும். கட்டுக் கட்டும் முன்னால், "படத்தைப் பாக்கறீங்களாம்மா? வேணும்னா செல்போன்ல எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்தச் சேலையைக் கட்டியிருக்காங்களா!" என்றார்.

1977-ல் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்த சேலையாம். மாம்பழக் கலர், அரக்குக் கரை. வெளியூர்ப் பள்ளி, விடுதியில் தங்கல். எப்போது லீவில் வந்தாலும் அது பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கும். எருமைச் சாணியோடு இருக்கிறவளுக்கு இது எதுக்கு என்பாராம். "கட்டவே இல்லன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். அப்புறம் என் பொண்ணு பொறந்தப்ப அதைத் தூளி கட்டிட்டாங்க. எங்க வீட்டுப் பேரப் பிள்ளைங்க ஒன்பது பேரும் அதுலதான் தூங்குனாங்க."

படத்தின் கீழ் ஓரத்தில், கரை தெரிகிற அந்தத் தோள் பக்கம் மட்டும் காகிதம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அவர் அதைத் தொடப்போய், அலுவலகப் புத்தகம் என்று நினைத்தாரோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டார்.

"பரவால்ல, தொடுங்கம்மா" என்றேன்.