பல்லாரட்டில் ஒரு கந்தல் கொடி

மெல்பர்னிலிருந்து மேற்கே ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பல்லாரட்டுக்குச் சென்ற மாதம் ரயிலில் போய்வந்தேன். வாடவுரங் மக்களின் பூர்வீக நிலமான அங்கே 1851இல் தங்கம் கிடைத்தது. வீதிகளின் இரு மருங்கிலும் இன்று நாம் காணும் பெருங்கட்டடங்கள் அந்தச் செல்வத்தால் எழுந்தவை. லிடியார்ட் வீதியிலுள்ள கலைக்கூடமும் அப்படித்தான். 1884இல் தொடங்கப்பட்ட அது, ஆஸ்திரேலியாவில் மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே உள்ள கலைக்கூடங்களில் மிகப் பழமையானது.

அங்கே யூஜின் வான் கெரார்டின் ஓவியமொன்றின் முன் வெகுநேரம் நின்றேன். தங்கம் தேடி 1853இல் இங்கு வந்த அவர், தான் கண்ட கூடார ஊரை, பழைய கோட்டோவியங்களின் துணையுடன் 30 ஆண்டுகளுக்குப் பிறகு வரைந்திருக்கிறார்.

ஆனால் நான் தேடிப் போனது யுரேகா கொடியை. அது நகரின் கிழக்கே யுரேகா மையத்தில் உள்ளது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும் என்ற விதியையும், அதைச் சோதிக்க வந்த காவலர்களின் கெடுபிடியையும் பொறுக்க மாட்டாத சுரங்கத் தொழிலாளர்கள், தென்சிலுவை விண்மீன்கள் பதித்த நீலக் கொடியை ஏற்றி, அதன் கீழ் உறுதிமொழி எடுத்தார்கள். 1854 டிசம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் படையினர் தாக்கினர். அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்த மோதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் தேசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் மறு ஆண்டு விடுதலையானார்கள்; உரிமக் கட்டணமும் ஒழிந்தது.

ஒளி மங்கிய அறையில், கண் பழகிய பிறகே கொடி முழுதாகத் தெரிகிறது. நான் எண்ணியதைவிட மிகப் பெரியது. முதலில் 4 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் இருந்திருக்கிறது. நீலம் வெளிறிவிட்டது. எட்டு முனை நட்சத்திரங்களில் நடுவிலிருப்பது மற்றவற்றைவிடச் சற்றே பெரிது. கையால் தைத்தவர்களின் உழைப்பு அருகில் நின்று பார்க்கையில் புரிகிறது. நினைவுப் பொருளாகப் பலர் துண்டு துண்டாக வெட்டிச் சென்றதால் துணியின் ஒரு பகுதி காணாமல் போயிருக்கிறது. கொடியைப் பிடுங்கி இறக்கிய ஜான் கிங் என்ற காவலரின் குடும்பம் அதை 1895இல் கலைக்கூடத்துக்கு இரவலாகக் கொடுத்த பின்னரும், பார்க்க வந்தவர்களுக்கு அதிலிருந்து துண்டுகள் கொடுக்கப்பட்டன என்பதை நினைக்கவே மனம் பதறுகிறது. எஞ்சியதை 1973இல்தான் வேறொரு துணியின் மேல் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார்கள்.

பல்லாரட்டுக்குப் போகிறவர்கள் முதலில் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கொடியிடம் போவது நல்லது. கூடாரங்களில் வாழ்ந்த அந்த மனிதர்களை மனத்தில் இருத்திக்கொண்டு பார்க்கும்போதுதான், அந்தக் கந்தல் துணி அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பது விளங்கும்.