ஆட்டுத்தோலும் கறுப்பு டேப்பும்

செய்து முடித்த பறையை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு முகம் சுளித்தார் பறை செய்பவர். “மழை” என்றார்.

அயர்லாந்தின் கால்வே நகரில் காலையிலிருந்து விடாத தூறல். ஈரக் காற்றில் ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும்.

பௌரான். அயர்லாந்தின் ஒருமுகப் பறை. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை, ஈரம் காயும் முன்பே மரவளையத்தில் இழுத்து ஆணி அடிக்கிறார்கள். காயக் காய அது தானே இறுகிக்கொள்கிறது. முன்பெல்லாம் தொய்ந்தால் நெருப்பருகே காட்டுவார்களாம், நம் பறையைக் காய்ச்சுவது போலவே. இப்போது உள்பக்கம் திருகு வைத்துவிட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றது வேறொன்றை. அவ்வளவு பார்த்துப் பார்த்து இழைத்த பறையின் விளிம்பைச் சுற்றி, எலக்ட்ரீஷியன் ஒட்டும் அதே கறுப்பு டேப்பை ஒட்டினார்! தேவையில்லாத கணகணப்பு அடங்குமாம்.

டிசம்பர் 26 அன்று தெருத்தெருவாகப் போகும் ‘ரென்’ (ஒரு சிறு குருவியின் பெயர்) ஊர்வலத்தில் ஒலித்த பறை இது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்.

அடிக்கும் குச்சிக்குப் பெயர் டிப்பர் (நமக்கு அது மணல் லாரி). பேனா மாதிரி பிடிக்க வேண்டும். இடது கை தோலுக்குப் பின்னால் போய் அழுத்தினால் சுருதி மாறும்.

பறை செய்தவர் கையில் குதிரை ஓடியது.

சரி, நானும் அடித்துப் பார்த்தேன். யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது.