கெய்ன்ஸை ஆண்டுவாரியாகப் படியுங்கள்

பிஜி டிஆர்பி, நெட் என்று பொருளியலுக்குத் தயாராகும் பலருக்கும் ஆங்கிலேயப் பொருளியலாளர் கெய்ன்ஸ் பற்றிய பகுதி மட்டும் படிக்கப் படிக்க மறந்துபோகிறது. ஆளை விட்டுவிட்டு ஃபார்முலாவில் தொடங்குவதுதான் காரணம் என்பேன். நான் அவர் வாழ்க்கையை ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதி, அந்தந்த ஆண்டில் என்ன சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி குறித்து வைத்தேன், அப்புறம் கோட்பாடுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

1883, கேம்பிரிட்ஜில் பிறப்பு. பட்டம் வாங்கியது கணிதத்தில். 1906 சிவில் சர்வீஸ் தேர்வில் இரண்டாமிடம். முதலிடம் வந்த ஓட்டோ நீமெயர் நிதித்துறையை எடுத்துக்கொள்ள, இவருக்கு லண்டனில் இந்தியா அலுவலகம். (அந்தத் தேர்வில் பொருளியல் தாளில் இவருக்கு மார்க் குறைவுதான். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி நினைத்துக்கொள்ளுங்கள், தெம்பாக இருக்கும்.) அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1913இல் இந்திய நாணயம் பற்றிய அவரது முதல் புத்தகம் வந்தது. 1919இல், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீடு தாங்காது என்று சொல்லி, பின்னாளில் சேர்ந்திருந்த நிதித்துறைப் பதவியை விட்டார். 1925இல் அப்போதைய நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டைப் போருக்கு முந்தைய 4.86 டாலர் மதிப்பிலேயே மறுபடி தங்கத்தோடு கட்டினார். பவுண்டு விலை கூடிப்போனதால் ஏற்றுமதி அடிவாங்கியது, நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியில் கை வைத்தார்கள், 1926இல் பொது வேலைநிறுத்தம். இதையும் 1929க்குப் பிந்தைய பெருமந்தத்தையும் மனதில் வைத்து 1936இன் 'ஜெனரல் தியரி'க்கு வந்தால், கூலியைக் குறைத்தால் வேலை பெருகிவிடும் என்ற பழைய வாதத்தை அவர் ஏன் அப்படிப் போட்டு உடைத்தார் என்பதும், விளைவுத் தேவைக்கு (மக்களும் நிறுவனங்களும் அரசும் நிஜமாகவே செலவிடத் தயாராக இருக்கும் மொத்தத் தேவை) ஏன் அவ்வளவு அழுத்தம் கொடுத்தார் என்பதும் தானாகப் புரியும்.

பெருக்கியை, அதாவது செலவிட்ட தொகையைப் போல மொத்த வருமானம் எத்தனை மடங்கு கூடுகிறது என்ற கணக்கை, மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். இறுதிநிலை நுகர்வு நாட்டம் (கூடுதலாக வரும் ஒரு ரூபாயில் செலவாகும் பங்கு) 0.8, அரசு செலவு 100 கோடி. முதல் சுற்றில் 100, அடுத்து 80, 64, 51.2 என்று தேய்ந்துகொண்டே போய் மொத்தம் 500ஐத் தொடும். நான்கு சுற்று எழுதினால் போதும், பெருக்கி ஏன் 5 என்று யாரும் விளக்க வேண்டாம்.

கொள்குறி வினாவில் சறுக்க வைக்கும் இடங்கள் மூன்று. பெருக்கியை முதலில் வகுத்தவர் ரிச்சர்ட் கான், 1931. கெய்ன்ஸ் கோட்பாட்டைப் பொருள் சந்தை, பணச் சந்தை என்று இரண்டு கோடுகளில் காட்டும் ஐஎஸ்-எல்எம் வரைபடம் ஹிக்ஸ் போட்டது, 1937. நீண்ட காலத்தில் நாம் எல்லோரும் இறந்திருப்போம் என்ற வரி கெய்ன்ஸின் 1923 புத்தகத்தில் இருக்கிறது, ஜெனரல் தியரியில் இல்லை.

எம்.ஏ., யூபிஎஸ்சி விருப்பப்பாடம் என்று விரிவாக எழுத வேண்டியிருந்தால் இந்தியப் பொருளியலாளர் வி.கே.ஆர்.வி. ராவை விடாதீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்தியா போன்ற நாட்டில் செலவைக் கூட்டினாலும் உற்பத்தி உடனே கூடாது, விலைதான் ஏறும், அதனால் பெருக்கி இங்கே அப்படியே வேலை செய்யாது என்று 1952இல் வாதிட்டார். கெய்ன்ஸைப் புகழ்ந்து இரண்டு பக்கம் நிரப்புவதைவிட இந்த ஒரு பத்திக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும்.