படம் உங்க கையிலதான இருக்கு மிஸ்

சில வருஷங்களுக்கு முன்னால், சாயங்கால நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாத வேலை, அதனால் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுல எத்தனை மாடு இருக்கு?" என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தியைக் கேட்டேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசவில்லை. மறுபடியும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை கேட்டதும் ரொம்பத் தயங்கி, "படம் உங்க கையிலதான இருக்கு மிஸ்" என்றாள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'எண்ணத் தெரியவில்லை' என்று எழுதிவைத்தேன்.

ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதியதைப் பிற்பாடு படித்தபோதுதான் அந்த நோட்டு ஞாபகத்துக்கு வந்து சுருக்கென்று இருந்தது. 1970களில் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் பல வருஷம் தங்கி, வீடுகளில் பெரியவர்கள் குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தவர் அவர். அங்கே உழைக்கும் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில், தனக்கே பதில் தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்கிற பழக்கம் பெரியவர்களிடம் அநேகமாக இல்லை. "இது எது மாதிரி இருக்கு?" என்று கேட்பார்கள், யாருக்கு என்ன நடந்தது என்று கதை சொல்ல வைப்பார்கள். அந்தக் குழந்தைகள் பள்ளிக்கு வந்ததும், சிவப்புப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் 'இது என்ன நிறம்' என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? யோசித்துப் பாருங்கள், வகுப்பறையைத் தவிர வேறு எங்கேயாவது இப்படிக் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் படித்தவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஒன்றரை வயதிலேயே இந்த விளையாட்டு பழகிவிடுகிறது, 'மூக்கு எங்கே, காது எங்கே' என்று. பள்ளி வைக்கிற முதல் பரீட்சையை அது வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு வருகிறது. நாம் அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைக்கிறோம்.

இன்னொரு ஆய்வு, பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் நடந்தது. டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூன்று பேரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்டது. தெருவிலும் சந்தையிலும் வியாபாரம் செய்த, 9 முதல் 15 வயது வரையிலான ஐந்தே பிள்ளைகள். ஆய்வாளர்கள் சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி போய் நின்று விலை கேட்டார்கள். 12 வயதுப் பையன் ஒருவனிடம் நாலு தேங்காய், ஒன்று 35. மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒரு தேங்காய் 35 ஆச்சே, அப்படியென்றால் 140 என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுச் சரியாகச் சொல்லிவிட்டான். அதே பையனிடம் அப்புறம் தாளும் பென்சிலும் கொடுத்து 35 பெருக்கல் 4 போடச் சொன்னார்கள். நாலஞ்சு இருபது, கையில் 2. அந்த 2-ஐ முதலில் 3-உடன் கூட்டி 5 ஆக்கி, அதை நாலால் பெருக்கி இன்னொரு இருபது. விடை 200 என்று எழுதினான்! சந்தையில் இந்தப் பிள்ளைகள் சொன்னதில் 98 சதவீதத்துக்கு மேல் சரி. பொருளும் கதையும் இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஐந்து பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு தேங்காய்க்கு 200 கேட்டால் வாங்க வந்தவர் சண்டைக்கு வருவார் என்று அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். தாளைப் பார்த்ததும் அந்த அறிவு எங்கே போனது?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஓ, இவங்க கலாச்சாரமே அப்படி' என்று ஒரு புது முத்திரை குத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அது பழைய முத்திரையை விட மோசம். ஹவாயில் 1970களில் ஒரு திட்டம் நடந்தது. அங்கே பிள்ளைகள் ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழைந்து, எல்லாருமாகச் சேர்ந்துதான் ஒரு கதையைச் சொல்வார்கள். வாசிப்பு வகுப்பில் அதை அனுமதித்தார்கள், கையைத் தூக்கு, ஒவ்வொருத்தராகப் பேசு என்கிற கெடுபிடி இல்லை. பிள்ளைகள் நன்றாக வாசிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அதே முறையை அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ பழங்குடிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள், அப்படியே பொருந்தவில்லை. ஆணும் பெண்ணும் கலந்த நாலைந்து பேர் குழு ஹவாயில் கலகலவென்று இருந்தது, இங்கே சரிப்படவில்லை. பையன்கள் தனியாக, பெண்கள் தனியாக, இரண்டு மூன்று பேராக உட்கார வைத்த பிறகுதான் வேலை நடந்தது. ஆகவே 'கலாச்சாரத்துக்கு ஏற்ற கற்பித்தல், பத்து வழிகள்' என்று யாராவது பயிற்சி நடத்த வந்தால் எனக்குச் சந்தேகம்தான். வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி மேடையேற்றிவிட்டு 'எங்கள் பள்ளி பன்முகத்தன்மையை மதிக்கிறது' என்று சொல்லிக்கொள்வதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

பேச்சு முறையை மட்டும் திருத்தினால் போதுமா? போதாது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் நடுவில் இருக்கும் மதிப்பெண் 'இடைவெளி'யைப் பற்றியே அமெரிக்காவில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 2006-இல் அதற்குக் 'கல்விக் கடன்' என்று வேறு பெயர் வைத்தார். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் வங்கிக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார், இங்கே கடன்பட்டிருப்பது சமூகம். தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்துக்குப் பணத்தையும் பள்ளியையும் கொடுக்காமல் விட்டதெல்லாம் கடனாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, இந்த வருஷத்து மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் குறை சொன்னால் எப்படி என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. கூரை ஒழுகும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான் எவ்வளவு அருமையான கேள்வி கேட்டும் என்ன பிரயோஜனம்.

சரி, என் கையில் இருந்தது கேள்வி மட்டும்தான். அந்தப் பெண் அப்படிச் சொன்னதற்கு அடுத்த வாரம் படத்தை அவள் கையில் கொடுத்தேன், பெரிய யோசனையெல்லாம் இல்லை, அன்றைக்குப் பலகையில் எழுதச் சாக்பீஸ் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். "எனக்குக் காட்டாதே, என்ன இருக்குன்னு சொல்லு, நான் வரையறேன்" என்று திரும்பி நின்றுகொண்டேன். மூன்று மாடாம், அதில் ஒன்று படுத்திருக்கிறதாம், ஒன்றுக்கு ஒற்றைக் கொம்புதானாம். வாய் ஓயவில்லை. நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து பலகைக்கே வந்துவிட்டாள்.

"இது நாய் மிஸ். அழிங்க."