முடிவு தெரிந்த கதைகள்

புதுப் புத்தகங்கள் பிரிக்காமல் கிடக்கும்போது பழையதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாயே என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அதில்தான் ருசி. முதல் தடவை கதை நம்மை விரட்டுகிறது, அடுத்து என்ன, அப்புறம் என்ன என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறோம், ஓரமாக நிற்கிறவர்களைக் கவனிக்க நேரமில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் அவர்கள் பேசுவது காதில் விழுகிறது.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966-ல் வந்த நாவல். கல்லூரிக் காலத்தில் படித்தபோது எனக்கு அது முழுக்க அப்புவின் கதை. காவிரிக் கரையில் வேதம் படித்து முடித்துவிட்டுச் சென்னைக்கு வருகிறான், அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் சிவசு என்பவருக்கும் உள்ள உறவு தெரிகிறது, இடிந்துபோகிறான். அவனோடு சேர்ந்து நானும் அலங்காரத்தம்மாள் மேல் கோபப்பட்டேன். கல்யாணமாகி, மும்பை பக்கத்தில் டோம்பிவலியில் குடித்தனம் போட்டு, எனக்கும் ஒரு பையன் பிறந்த பிறகு எடுத்தால் புத்தகம் அலங்காரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. தான் செய்ததற்கெல்லாம் பிள்ளை கற்கிற வேதம் பரிகாரமாகும் என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தவள், அந்தப் பிள்ளை தன்னை நேசிக்கும் இளம் விதவை இந்துவோடுதான் இருக்கப் போகிறான் என்று தெரிந்ததும் காசிக்குக் கிளம்புகிறாளே, அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் அன்றைக்குப் படிப்பதையே நிறுத்திவிட்டேன். இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பவர் அலங்காரத்தின் கணவர் தண்டபாணி. எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் அவர் வரும் பக்கங்களை வேகமாகக் கடந்திருக்கிறேன். அந்த வீட்டிலேயே அதிகம் சுமக்கிற மனிதர் அவர்தான் என்று இன்று நினைக்கிறேன், அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று சொல்லவும் மனம் வரவில்லை, கோழைத்தனம் என்று தள்ளவும் முடியவில்லை.

மும்பையில் இன்னொரு வசதியும் உண்டு. காலை ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு நிற்கிற நெரிசலில் புது நாவல் மண்டையில் ஏறாது. தெரிந்த கதை என்றால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே போய்விடலாம், தானேயில் கூட்டம் இடித்துத் தள்ளினாலும் இழை அறுவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ இதற்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் அல்லவா, அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியோடு முடியும். கொக்கிகள் இப்போது என்னை இழுப்பதில்லை. ஆனால் வந்தியத்தேவன் முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையில் விருந்தாளியாகப் போய்த் தங்குகிறானே, அந்த இரவைப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்குகிறது. ஆதித்த கரிகாலன் சாகப்போவது அதே மாளிகையில்தான். முதல் வாசிப்பில் அது வெறும் கூத்தும் சதியும்தான்.

எல்லாப் புத்தகமும் இரண்டாம் வாசிப்பைத் தாங்காது. ஒரு முடிச்சை மட்டும் நம்பி எழுதியவை, அவிழ்ந்ததும் சக்கைதான். அவற்றைத் தயங்காமல் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் போட்டுவிடுவேன்.

நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யை மட்டும் யாருக்கும் இரவல்கூடக் கொடுப்பதில்லை. ஊரில் இருந்தபோது படித்ததில், நாஞ்சில் நாட்டிலிருந்து வேலை தேடிப் பம்பாய்க்கு வருகிற சண்முகம் எங்கேயோ தூரத்தில் இருக்கும் ஒருவன். நாஞ்சில் நாடன் இந்த ஊரில் பல வருஷம் வேலை பார்த்தவர், அதனால் எழுதியிருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன். இங்கே வந்து, மொழி தெரியாமல், பழகாத சாப்பாட்டோடு, வாடகை வீட்டுக்காக நடையாய் நடந்த பிறகு படித்தபோது சண்முகத்தின் மேல் பரிதாபம் வரவில்லை. தெரிந்த பையன் ஒருவன் சாப்பிட்டானோ இல்லையோ என்கிற கவலைதான் வந்தது.